மேலிருந்து தெரியும் வெள்ளை

மாமாவின் வேட்டி எங்கள் பல்கனிக் கொடியில் காய்கிறது. கரை மங்கிப்போன பழைய பருத்தி வேட்டி. எத்தனை தடவை ஊறப்போட்டுக் கசக்கியும் ஒரு ஓரத்தில் ஆற்றுச் சேற்றின் மஞ்சள் போகவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் இருக்கிறோம். இன்று காலை வேட்டியை உதறி விரித்துப் போட்டுவிட்டு உள்ளே திரும்பியபோது, தெற்கே இரத்மலானை விமானப்படைத் தளத்துப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை. ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் ஹெலிகொப்டர்கள் கடற்கரையோரமாகக் காலிமுகத்திடல் வரை போய்த் திரும்பும். இது எனக்குத் தெரியும். பேப்பரிலும் போட்டிருந்தார்கள். ஆனாலும் நான் யோசிப்பதற்கு முன்னால் என் கை கொடிக்குப் போய்விட்டது. ஒரு கிளிப்பைக் கழற்றியும் விட்டது. வளர்ந்த மகளுக்குத் தகப்பன் நான். அந்தக் கைக்கு என் வயது தெரியவில்லை.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. கலியாணம் செய்யாதவர். எண்பத்து மூன்றில் தமிழரைத் தாக்கிய கலவரத்துக்கு முன்னர் கொழும்பில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைபவராக இருந்தார். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைபடம் ஆக்குவது அவருடைய வேலை. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்களை அருகருகே வைத்து, மேலே ஒரு சோடி வில்லைகளை நிறுத்தி, குனிந்து பார்க்க வேண்டும். தட்டையாகக் கிடந்த நிலம் திடீரென்று எழும்பி வரும் என்பார். தென்னைகள் உயரும், கிணறுகள் தாழும், கூரைகள் கூர்ப்பாகும். அந்தக் காலத்தில் படையிடம் இருந்த விமானங்கள் சொற்பம். படம் எடுப்பது, தபால் கொண்டு போவது, மந்திரிமாரை ஏற்றி இறக்குவது, கடத்தல் வள்ளங்களைத் தேடுவது என்று அவற்றுக்கு வேலை இருந்தது. இரத்மலானையில் சிறு விமானம் ஒன்று ஏறினால், மேசையில் இருந்தபடியே, "எங்களுக்குப் படம் எடுக்கப் போறான்" என்று மாமாவும் அவருடைய சிங்களச் சிநேகிதர் ஒருவரும் சொல்லிக்கொள்வார்களாம். கலவரம் வந்தபோது அந்தச் சிநேகிதர்தான் களனி ஆற்றங்கரையில் இருந்த தன் வீட்டில் மாமாவை ஒளித்து வைத்தார். பிறகு மாமா அகதிக் கப்பலில் வடக்கே வந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கினார். சில வருடங்களில் விமானங்களும் வடக்கே வந்தன.

ஒரு படையின் ஆகாயக் கை எப்படி வளர்கிறது என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்து படித்தோம். முதலில் ஹெலி வந்தது. முகாமுக்குச் சாப்பாடு கொண்டு போனது, காயப்பட்டவர்களை ஏற்றியது. பிறகு அதன் கதவில் ஒரு துவக்கு முளைத்தது. பிறகு இரண்டு பக்கமும் ரொக்கெட் குழாய்கள் தொங்கின. பிறகு குண்டு போடுகிற பொம்பர் வந்தது. அதற்குச் சத்தம் பின்னால்தான் வரும். நாங்கள் கொழும்புக்கு வந்த பிறகும் வன்னியில் இருந்த உறவுக்காரர்கள், ஆளில்லாமல் நாள் முழுதும் தலைக்கு மேலே இரைகிற ஒன்றை வண்டு என்று சொன்னார்கள். "அதுவும் படம்தான் எடுக்குது" என்றார் மாமா. "நாங்கள் செய்த வேலைதான். படத்தை வச்சு என்ன செய்யிறது எண்டதுதான் மாறிப்போச்சு."

மேலிருந்து என்ன தெரியும் என்பது மாமாவுக்குத் தெரியும் என்பதால், எங்கள் வீட்டில் சட்டங்கள் போட்டவரும் அவர்தான். ஹெலிச் சத்தம் கேட்டால் முதலில் கொடியிலிருந்து வெள்ளைத் துணியை இழுக்க வேண்டும். பச்சை, மண்ணிறம் கிடக்கட்டும். வெள்ளை கிடக்கக் கூடாது. ஓடக் கூடாது, ஓடுகிறவனை அவனுடைய நிழல் காட்டிக் கொடுக்கும். மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், ஹெலி வட்டமடித்தால் மரத்தைச் சுற்றி நாமும் நகர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: நிமிர்ந்து பார்க்கக் கூடாது. "தலைமயிர் கறுப்பு, மண்ணோட மண்ணாப் போயிடும். முகத்தைத் தூக்கினியோ, மேலயிருந்து வெள்ளைக் காசு மாதிரித் தெரியும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை. அம்மா கிணற்றடியில் எங்கள் பள்ளிக்கூட உடுப்புகளைத் தோய்த்துப் போட்டிருந்தார். சத்தம் வந்ததும் மாமா கொடியை நோக்கிப் பாய்ந்தார். ஓடக் கூடாது என்றவர் ஓடியது அன்றைக்குத்தான். கை நிறையத் துணியை அள்ளி அம்மாவிடம் எறிந்துவிட்டு, என்னை வேப்பமரத்தோடு அழுத்திக்கொண்டு நின்றார். ஹெலி வட்டமடித்தது. நாங்கள் மரத்தைச் சுற்றினோம். அவருடைய கை என் பிடரியில் இருந்தது. என் நெற்றி மரப்பட்டையில் உரசி எரிந்தது. வேம்பின் கசப்பு வாசம், மாமாவின் வியர்வை, காதுக்குள் இறங்கி நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம். பிறகு தகரத்தில் கல் கொட்டுவது போல ஒன்று. ஹெலி போன பிறகு பார்த்தால், கிணற்றுக் கட்டில் சீமெந்து பெயர்ந்திருந்தது. வாழைக்குப் பின்னால், கொடியின் அந்தத்தில், கண்ணில் படாமல் ஒரு சேட் தப்பிக் கிடந்திருக்கிறது. என்னுடைய சேட். பொக்கற்றுக்குக் கீழே ஓட்டை. அதைத்தான் குறி வைத்தார்களா, சும்மா சுட்டுவிட்டுப் போனார்களா என்று யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு மட்டும் அதில் சந்தேகமே இருக்கவில்லை. அம்மா அதை இழையோடித் தந்தார். அந்த வருடம் முழுதும் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

பிற்பாடு ஒவ்வொருவராகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். நான் வெள்ளவத்தையில் குடியேறினேன். மாமா கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் குசினியுமாக எடுத்துக்கொண்டு, கோயில் மணிக்கும் தேவாலய மணிக்கும் நடுவில் தனியே இருந்தார். யுத்தம் முடிந்த பிறகும் அவருடைய வெள்ளை வேட்டிகள் அறைக்குள்ளேதான் காய்ந்தன. பொது மொட்டைமாடியில் இடம் இருந்தது. அவர் போட மாட்டார். கீழ்வீட்டு மலையகத்து அக்கா ஒருத்தி, "சார் வேட்டிய நாங்க ஒண்ணும் களவெடுக்க மாட்டோம், தைரியமாப் போடுங்க" என்று பகிடி பண்ணுவா. அவர் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒத்திகை நாளில் எங்கள் பல்கனியில் நின்று கை காட்டியவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டியவர் அவர். அவள் வளர்ந்ததும் அதைச் சொல்லிச் சொல்லி அவரைச் சீண்டுவாள்.

"தாத்தா, உங்கட வேட்டியப் பாக்கிறதுதானே அவங்களுக்கு வேலை?"

"ஓம் பிள்ளை. ஒரு காலத்தில அதுதான் வேலையா இருந்தது."

போன மழைக்காலத்தில் மாமா களனி ஆற்றங்கரைக்குத் தன் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போனார். சிநேகிதர் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை மாமா பஸ் ஏறிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவது வழக்கம். மாமாவுக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்பதால் துணைக்கு மகளை அனுப்பினேன். அன்று பின்னேரம் மழை விடவில்லை. அங்கேயே தங்கிவிட்டு வரச் சொன்னேன். காலையில் மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, பதறாதேங்கோ. தண்ணி வீட்டுக்குள்ள வந்திட்டுது. நாங்கள் மேல நிக்கிறம்."

மேல் என்றால் அரைகுறையாகக் கட்டி விட்ட மேல்மாடி. கொங்கிறீற் தட்டு, நாலு மூலையிலும் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பிகள், ஒரு தண்ணீர்த் தாங்கி. சிநேகிதரை அவருடைய படுக்கை விரிப்போடேயே தூக்கி, அவருடைய மகனும் மருமகளும் என் மகளுமாக மேலே கொண்டு வந்திருக்கிறார்கள். தண்ணீர் கீழ்க் கதவின் பாதிக்கு வந்துவிட்டது என்றாள். பிறகு எடுத்தபோது யன்னலின் மேல் விளிம்பு என்றாள். போனில் சார்ஜ் குறைகிறது என்றும் சொன்னாள்.

நான் கிடைத்த இலக்கத்துக்கெல்லாம் அடித்தேன். கடைசியாக ஒரு அதிகாரி எடுத்தார். சிங்களத்தில், அவசரமாக, ஆனால் தன்மையாகப் பேசினார். ஆற்றின் இழுவைக்குப் படகு கிட்டப் போகாது, ஹெலிகொப்டர் அந்தப் பக்கம் போகிறது, மழைக்குள் ஒன்றும் சரியாகத் தெரியாது, ஆகவே வெள்ளையாக, பெரிதாக ஏதாவது விரித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றார். அதை மகளுக்குத் திருப்பிச் சொன்னேன். வெள்ளையை வெளியே போடு என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்குச் சொல்கிறேன். அவள் சிநேகிதருக்குக் கீழே கிடந்த வெள்ளை விரிப்பை உருவிக் கம்பிகளில் கட்டினாள்.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்துக்கு மேலால் ஒன்று போனது. இரத்மலானையிலிருந்து கிளம்பி, மழைக்குள் பாதை தவறாமலிருக்கக் கடற்கரையைப் பிடித்து, முகத்துவாரத்தில் திரும்பி ஆற்றோடு உள்ளே போகும் என்று நினைத்துக்கொண்டேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனைவி சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து, "அவளிட்டத்தான் போகுதே?" என்று கேட்டாள். தொடர்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றேன். மழையின் இரைச்சல், யாரோ இருமுவது, மகளின் மூச்சு. பிறகு எங்கள் யன்னலை அதிர வைத்த அதே சத்தம், இப்போது போனுக்குள்ளே, சிறிதாகத் தொடங்கிப் பெருத்து வந்தது. "அப்பா, வருது! வருது!" என்று மகள் கத்தினாள்.

அதற்கு மேலாக மாமாவின் குரல் கேட்டது. வேப்பமரத்தடியில் கேட்ட அதே குரல். இத்தனை வருடங்கள் அது எங்கே கிடந்தது என்று தெரியவில்லை.

"சீலையை இழு! படுங்கோ! எல்லாரும் குப்புறப் படுங்கோ! மேல பாக்காதேங்கோ!"

ஏதோ கிழிகிற சத்தம். யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். ஹெலியின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடியது. பிறகு மெல்ல மெல்ல மெலிந்து, தூரப் போய், மழை மட்டும் மிஞ்சியது. மகள் அழுதாள். "போயிட்டுது அப்பா. தாத்தா சீலையை..." என்றாள். போன் செத்தது.

அன்றைய மீதிப் பொழுதை நான் எப்படிக் கழித்தேன் என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப அவளுடைய இலக்கத்துக்கு அடித்தேன். அந்த அதிகாரியின் இலக்கம் எந்நேரமும் பிசியாக இருந்தது. தொலைக்காட்சியில் கூரைகள் மட்டும் தெரிகிற ஊர்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு கூரையிலும் என் பிள்ளையைத் தேடினேன். மேலிருந்து பார்த்தால் மனிதர் எவ்வளவு சின்னவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மாமா வில்லைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தது இதைத்தானா? அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை. ஏனென்றால் போனுக்குள் அந்தச் சத்தம் வந்தபோது நானும் யன்னலை விட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தேன் என்பதை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். "நீங்கள் ஏன் கேர்ட்டினை இழுத்து மூடினீங்கள்?" என்று கேட்டாள். திரைச்சீலை மூடித்தான் இருந்தது. மூடியது எனக்கு நினைவில்லை.

பின்னேரம் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இளந்தாரி ஒருவனின் குரல். சிங்களத்தில் என் மகளின் பெயரைச் சொல்லி, நீங்கள் தகப்பனா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் யாருடனோ பேச நிறுத்தினான். பிறகு, இரத்மலானைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம், எல்லாரும் சுகம் என்றான்.

இரத்மலானை முகாம் வாசலில் என்னைப் போலப் பலர் நின்றார்கள். கொழும்பில் இவ்வளவு காலம் இருந்தும் அந்த மதிலோரமாக நான் ஒருநாளும் நின்றதில்லை. பஸ்ஸில் போனால்கூட மறுபக்கம் பார்ப்பேன். காவலுக்கு நின்றவன் வாயைத் திறக்குமுன்னே அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. "உள்ள ஈரம், பாத்துப் போங்க" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிக் கையைக் காட்டினான். கொட்டகைக்குள் மகள் பச்சைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். அவளைப் பிடித்த கையை விட எனக்குக் கன நேரம் பிடித்தது. பக்கத்தில் மாமா. யாரோ கொடுத்த சாறம் ஒன்றை உடுத்திருந்தார். அவருடைய வேட்டி, முறுக்கிய கயிறு போல, வலது கையில் முழங்கை வரை சுற்றியிருந்தது. அதை அவர் அவிழ்க்கவும் இல்லை, அவிழ்க்க விடவும் இல்லை.

கூரையில் நடந்ததை மகள்தான் சொன்னாள். ஓட்டோவில் எங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, மாமாவுக்கு முன்னாலேயே சொன்னாள். முதல் ஹெலி வந்ததும் மாமா விரிப்பைக் கம்பியிலிருந்து பிய்த்து இழுத்திருக்கிறார். அந்தக் குரலுக்கு எல்லாரும் குப்புற விழுந்துவிட்டார்கள். ஹெலி தென்னைகளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிவிட்டுப் போனது. எழுந்து பார்த்தபோது விரிப்பு தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. சிநேகிதரின் மகன் உனக்குப் பைத்தியமா என்று மாமாவின் தோளைப் பிடித்து உலுப்பினான். தண்ணீர் படிக்கட்டின் மேல் படிகளுக்கு வந்துவிட்டிருந்தது. மாமா தாங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வெறும் கொங்கிறீற்றில் கிடந்த சிநேகிதர்தான் மகனைச் சும்மா இரு என்றார். பாரிசவாதம் இழுத்த வாயால், ஒவ்வொரு சொல்லாக, மாமாவுடன் பேசினார். மகளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"மச்சான், அவங்கள் எங்களுக்குப் படம் எடுக்க வந்திருக்கிறாங்கள். இந்த முறை நீயும் நானும் படத்துக்குள்ள. வெள்ளையைக் காட்டு. இல்லாட்டி வரைபடத்தில இந்த வீடு விழாது."

திரும்பவும் சத்தம் வந்தபோது மாமா எழுந்து நின்றார். வேட்டியை அவிழ்த்தார். சேட்டும் கோடுபோட்ட உள்காற்சட்டையுமாக நின்று, வேட்டியின் ஒரு தலைப்பை என் மகளிடம் கொடுத்து, மறு தலைப்பைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, இரண்டு பேருமாகக் காற்றுக்கு எதிரே விரித்துப் பிடித்தார்கள். ஹெலி தலைக்கு மேலே வந்து நின்றது. மழையும் ஆற்றுத் தண்ணீரும் முகத்தில் அடித்தன. எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள்.

"தாத்தா மட்டும் குனியேல்ல அப்பா. முகத்த நல்லாத் தூக்கி, அதையே பாத்துக்கொண்டு நிண்டார்."

கயிற்றில் இறங்கிய பையன் முதலில் சிநேகிதரை ஏற்றினான், பிறகு பெண்களை. மாமா கடைசி ஆள். மேலே ஏறியதும், "சீயா, உங்களுடைய துணியைத்தான் கண்டோம்" என்று அந்தப் பையன் அவரைத் தாத்தா முறை சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்.

ஓட்டோ தெஹிவளைப் பாலத்தைத் தாண்டும்போது நான் அவரைப் பார்த்தேன். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவங்கள் நல்ல பெடியள்தான் மாமா, என்று சொன்னேன். அவர் வெளியே மழையைப் பார்த்தபடி இருந்தார்.

"பெடியள் எப்பவும் பெடியள்தான். ஹெலியும் அதே ஹெலிதான். இண்டைக்கு வேற வேலை குடுத்து அனுப்பியிருக்கினம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கும் உப்பிடி ஆரும் வேற வேலை குடுத்திருக்கலாம்" என்றார்.

அவர் கொட்டாஞ்சேனைக்குத்தான் போனார், எங்களோடு இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. தைப்பொங்கல் முடிந்த கிழமையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. அறையைத் துப்புரவாக்கப் போனபோது இந்த வேட்டி அங்கே இருக்கவில்லை. தேடினோம். கீழ்வீட்டு அக்காதான் மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. பொதுக் கொடியில், நல்ல வெய்யிலில், தனியே கிடந்தது. "கொஞ்ச நாளா இங்கதான் காயப் போட்டாரு சார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

மகள் பிழைத்துவிட்டாள். வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள், மழை பெய்தால் யன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறாள். நான்தான் இன்னும் பிழைத்து முடியவில்லை. அவள் வர ஐந்து நிமிடம் பிந்தினால் போன் எடுக்கிறேன். ஒரு பிற்பகல் முழுதும் அவள் எனக்கு இல்லாமல் இருந்தாள். அந்தப் பிற்பகல் எனக்குள் எங்கோ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இன்று காலை ஒரு கிளிப் கழன்ற வேட்டி காற்றில் அடித்துக்கொண்டிருக்க, சத்தம் நெருங்கி வந்தது. சத்தத்தைக் கேட்டு மகள் பல்கனிக்கு ஓடி வந்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு கொடியைப் பார்த்தாள். "விடுங்கோ அப்பா" என்றாள் மெதுவாக. நான் கழற்றிய கிளிப்பை என் விரல்களிலிருந்து எடுத்து, திரும்பவும் கொடியில் மாட்டினாள். ஹெலிகொப்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கடலுக்கு மேலாகப் போயின. அவள் முகத்தை நன்றாகத் தூக்கி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேட்டி விரிந்து, வெள்ளையாக, யாருக்கும் தெரிகிற மாதிரிக் கிடந்தது. நான் அதை விட்டுவிட்டேன். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் நின்றும், என் கண் பல்கனித் தரையை விட்டு எழும்பவில்லை. பிடரியில் மாமாவின் கை இன்னும் இருந்தது.